கோழிக்குள் கலக்கும் வைரஸ்கள்: குஞ்சு வாங்குவோர் கவனத்துக்கு

மானூர், முக்கூடல், நாங்குநேரிப் பக்கங்களில் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள், செத்துப்போன ஐந்தாறு மாதக் கோழிகளைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கு டாக்டர், அப்புறம் ஏன் சாவுது?” கொண்டை வெளுத்துச் சுருங்கியிருக்கும், சதை வற்றி மார்பெலும்பு துருத்தி நிற்கும், திறந்து பார்த்தால் கல்லீரல் வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டு, அதன்மேல் வெளிறிய கட்டிகள் தெரியும். மேரெக்ஸ் என்னும் வேறொரு வைரஸ் நோயிலும் கட்டிகள் வருமாகையால் கால் நரம்பு தடித்திருக்கிறதா, எச்சப்புழைக்கு மேலுள்ள ஃபேப்ரீசியஸ் பையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கிறோம். நரம்பு இயல்பாக இருந்து பையில் கட்டி இருந்தால், லியூக்கோசிஸ் என்னும் வைரஸ் புற்றுநோய் மீதே முதல் சந்தேகம் விழும். ஆய்வகச் சோதனைதான் அதை உறுதிசெய்யும். மேரெக்ஸ் தடுப்பூசி இந்நோயைத் தடுக்காது. இதற்கெனத் தடுப்பூசியோ மருந்தோ கிடையாது.

லியூக்கோசிஸை உண்டாக்குவது ஒரு ரெட்ரோவைரஸ். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிக் கோழியின் மரபணுத் தொகுதியிலேயே செருகிக்கொள்வது இதன் இயல்பு. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை 1970இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். ஒவ்வொரு வைரஸ் துகளிலும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் இருக்கும். ஒரே செல்லை இரண்டு வகை வைரஸ்கள் பிடித்துவிட்டால், வகைக்கொன்றாக இரண்டு இழைகளும் ஒரே துகளில் அடைபடலாம்; அடுத்த செல்லில் அந்த நொதி, இரண்டு நோட்டுகளைப் பார்த்துப் படியெடுப்பவர் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவதைப் போல, இழை மாறிப் படியெடுத்து, இரண்டின் பகுதிகளும் கலந்த புதிய வைரஸை உருவாக்கிவிடும்.

இன்னும் கவலை தருவது, கலப்புக்கு வெளியிலிருந்து இரண்டு வைரஸ்கள் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பதுதான். பழைய ரெட்ரோவைரஸ்களின் எச்சங்கள் கோழிகளின் மரபணுவிலேயே தலைமுறை தலைமுறையாக வருகின்றன. பிரிட்டனில் இறைச்சிக் கோழிகளில் கண்டறியப்பட்டு 1991இல் விவரிக்கப்பட்ட, லியூக்கோசிஸ் வைரஸின் ‘ஜே’ உட்பிரிவு, வெளி வைரஸ் ஒன்று அத்தகைய எச்சத்திலிருந்து தன் உறைப்புரத (வைரஸின் மேலுறையிலுள்ள புரதம்) மரபணுவைப் பெற்று உருவானதாகக் கருதப்படுகிறது. பல நாடுகளில் இறைச்சிக் கோழிகளைத் தாக்கிய அது, பின்னர் சீனாவில் முட்டைக் கோழிகளிலும் பரவியது. கோழி அம்மை வைரஸின், பண்ணைகளில் உலவும் வகைகள் பலவற்றில் ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் என்னும் வேறொரு ரெட்ரோவைரஸின் மரபணு ஏறக்குறைய முழுமையாகவே செருகியிருப்பதும் அறியப்பட்டதே; அம்மை வந்தால் அதுவும் கூடவே வரக்கூடும். கொசு பரப்பும் அம்மையைச் சாதாரணமாக நினைத்து அம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, மேலப்பாளையம் சந்தையில் கொஞ்சம், வியாபாரியிடம் கொஞ்சம், பொரிப்பகத்தில் கொஞ்சம் என்று வாங்கிய குஞ்சுகளை ஒரே புரூடரில் (குஞ்சுகளுக்கு வெப்பம் தரும் அறை) விடுவது வெவ்வேறு வைரஸ்கள் சந்திக்க நாமே வழி செய்துகொடுப்பதாகும். தாயிடமிருந்து முட்டை வழியாகத் தொற்றுப் பெற்ற குஞ்சு எதிர்ப்பாற்றல் காட்டாமல், பார்வைக்கு நன்றாகவே இருந்துகொண்டு, எச்சத்தின் வழியாக மற்றக் குஞ்சுகளுக்கும் பரப்பும். வயது குறையக் குறையத் தொற்றின் விளைவும் கடுமையாகும் என்பதால் முதல் சில வாரங்களுக்காவது குஞ்சுகளை வாங்கிய இடவாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்தே வையுங்கள். ஒரே ஊசியால் கூட்டம் முழுவதற்கும் மருந்து போடாதீர்கள். உடலுக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. சாதாரணக் கிருமிநாசினியிலேயே அழிந்துவிடும் என்பதால், இன்குபேட்டரையும் புரூடரையும் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் கழுவிக் காயவைப்பது நல்ல பலன் தரும். குஞ்சு வாங்கும்போது தாய்க்கோழிகளுக்கு ‘பி27’ எலைசா சோதனை (இந்த வைரஸின் புரதத்தைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) செய்யப்பட்டதா என்று கேளுங்கள். மெலிந்து கொண்டை வெளுத்த கோழியின் முட்டையை அடைவைக்காதீர்கள்.