செங்கல் வாங்குறதுக்கு முன்னாடியே காணாமப் போற வீடுகள்
வீட்டு வாடகை ஏன் இப்படி ஏறுதுன்னு கேட்டா சிமெண்ட், கம்பி, கூலின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அதுவும் உண்மைதான். ஆனா பிளான் போடுற வேலையில இருக்குறதால சொல்றேன், ஒரு செங்கல் வாங்குறதுக்கு முன்னாடியே பேப்பர்ல பாதி வீடு அடிபட்டுடுது.

சின்ன மனையோட ஒருத்தர் வருவார், எட்டு சின்ன வீடு கட்டி குறைஞ்ச வாடகைக்கு விடணும்பார். விதியைப் பார்த்தா நாலு பக்கமும் இடம் விடணும், இத்தனை மாடிக்கு மேல கூடாது, பல ஊர்கள்ல வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிங்கும் கட்டாயம். இந்த பார்க்கிங்தான் பெரிய அடி. கார் நிக்க 2.5க்கு 5 மீட்டர் போதும், ஆனா உள்ள வர, திரும்ப வழியும் சேர்த்தா 25 சதுர மீட்டரைத் தாண்டிடும், கிட்டத்தட்ட ஒரு ஒற்றை ரூம் வீட்டோட அளவு அது. காரே இல்லாத குடும்பத்துக்குக் கட்டுற இடத்துல இது என்ன நியாயம்? எட்டு வீடு நாலாகும், போட்ட காசை நாலுலயே எடுக்கணும்னா பெருசா கட்டி வாடகையை ஏத்துறதைத் தவிர அவருக்கும் வழியில்ல.

மனையோட குறைந்தபட்ச அளவும் இப்படித்தான். ஜோனிங்கே, அதாவது எந்தப் பகுதியில எதைக் கட்டலாம்னு பிரிக்கிற விதியே கிடையாதுன்னு சொல்ற அமெரிக்காவோட ஹூஸ்டன் நகரத்துலயே மனை குறைஞ்சது 5000 சதுர அடி இருக்கணும்னு விதி இருந்துச்சு, 1998ல நகரோட உள்பகுதியில அதை 1400 வரைக்கும் குறைச்சாங்க, பழைய மனைகள்ல வரிசை வீடுகள் ஏராளமா வந்துச்சு. நியூசிலாந்தோட ஆக்லாந்து நகரத்துல 2016ல குடியிருப்பு நிலத்துல ஏறக்குறைய முக்கால்வாசிக்கு கூடுதல் வீடு கட்ட அனுமதிச்சாங்க, அதுக்கப்புறம் கட்டட அனுமதிகள் நல்லா ஏறுச்சு. ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் தளர்த்தினா அங்க நில விலைதான் ஏறும், பரவலா செஞ்சாத்தான் பலன். ரொம்பக் குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு அரசு வீடோ வாடகை உதவியோ அப்பவும் தேவைதான்.

தீ பாதுகாப்பு, காத்தோட்டம் இதுல கை வைக்கவே கூடாது, அது உயிர் சமாச்சாரம். நான் சொல்றது மத்ததை.

இந்த விதிகளையெல்லாம் சொல்ற நகரத் திட்டத்தோட வரைவை அரசு வெளியிட்டு கருத்து கேட்கும்போது பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவங்கதான் வர்றாங்க, வாடகைக்காரங்க வர்றதே இல்ல. தயவுசெஞ்சு போங்க, பார்க்கிங் எண்ணிக்கை, மனை அளவு, தனி வீடு மட்டும்னு போட்ட பகுதி, இந்த மூணையும் பாருங்க, விதி எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபணையை கடைசித் தேதிக்குள்ள எழுத்துல கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க.