அறங்காவலர்: ஒரு சொல் விளக்கம்

பேச்சில் டிரஸ்டி என்கிறோம், எழுதும்போது அறங்காவலர் என்கிறோம். இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன: கோயிலோ தொண்டு அமைப்போ, அதன் சொத்தைப் பொறுப்பேற்றுப் பார்ப்பவர். ஆனால் ஒன்றை அப்படியே பெயர்த்து மற்றது வந்ததாக நினைத்துவிட வேண்டாம்.

டிரஸ்ட் என்பதன் வேர் வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்கு நம்பிக்கை, உறுதி என்று பொருள். கடைசியில் வரும் ‘ஈ’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டமொழிக்குள் நுழைந்த விகுதி. செயல் யார்மேல் படுகிறதோ அவரைக் காட்டும். வேலைக்கு வைப்பவர் எம்ப்ளாயர், வைக்கப்படுபவர் எம்ப்ளாயீ. அதே கணக்கில் டிரஸ்டி என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்குகிறது. சரி, ஒப்படைத்தாயிற்று; அப்புறம் அவர் என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றிச் சொல்லில் ஒரு குறிப்பும் இல்லை.

தமிழில் முன்பு தர்மகர்த்தா என்பதே பெருவழக்கு. கர்த்தா என்றால் செய்பவர். இலங்கையில் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்றும் எழுதுகிறார்கள்; ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருங்கியது அதுதான். என் ஓட்டு அறங்காவலருக்கு. கோயிலுக்கு வெளியே, கல்வி, மருத்துவம் என்று எந்தத் தொண்டு அமைப்புக்கும் அது பொருந்துகிறது.

‘அறக்காவலர்’ என்று எழுதுவது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. மரத்தின் கிளை மரக்கிளை. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. அறத்தைக் காப்பவர் இரண்டாவது வகை, ஆகவே அறங்காவலர். அறக்கட்டளையில் வல்லினம் மிகுவது முதல் வகையைப் போல.

கட்டளை என்ற சொல்லும் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. இன்ன பூசைக்கு, இன்ன அன்னதானத்துக்கு என்று குறித்துக் கோயிலுக்கு எழுதிவைக்கும் கொடைக்குக் கட்டளை என்றே பெயர். கொடுத்தவர் குறித்த நோக்கம் உத்தரவுபோல நிற்கும். பிறகு வருபவர் தம் விருப்பத்துக்கு அதைத் திருப்பிவிட முடியாது. அறங்காவலர் பொறுப்பின் சாரம் இதற்குள்ளேயே இருக்கிறது. சொத்து அவருடையதல்ல, நோக்கமும் அவர் வகுத்ததல்ல.

ஆனாலும் ‘காவலர்’ என்றதும் பூட்டும் சாவியுமாக வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் மனத்தில் வருகிறார். நல்ல கவர்னன்ஸ் அதில் அடங்காது. அந்த ஆங்கிலச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. நம் பழைய நூல்களில் வரும் மீகாமனின் வேலை. தமிழில் அதற்கு ஆளுகை பொருந்தும். நிர்வாகம் என்று போட்டால் குழப்பம்தான்: அன்றாட வேலையைப் பார்ப்பது நிர்வாகம், திசை வகுத்துக் கணக்குக் கேட்பது ஆளுகை. தூங்கிவிடும் மீகாமனும் உண்டு, சுக்கானை விட்டுவிட்டுத் துடுப்புப் போட ஓடும் மீகாமனும் உண்டு. அறங்காவலர் குழுக்களில் இரண்டு ரகத்தையும் பார்க்கலாம்.

இதை எங்கே கற்பது? பெரும்பாலோர் ஊதியமில்லாமல், வேறு தொழில் பார்த்துக்கொண்டே இந்தப் பொறுப்பை ஏற்கிறவர்கள். சட்டத்தைப் படித்துவிடலாம். ஆனால் தன் மைத்துனர் கொடுத்த விலைப்புள்ளி மேசைக்கு வரும்போது அதை அறிவித்துவிட்டு அறையை விட்டு எழுந்து போவதை, நிறுவனரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்பதை, வரவுசெலவு புரியவில்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வதைப் படித்து மட்டும் பழக முடியாது. அதே இடத்தில் தடுமாறிய இன்னொரு அமைப்பின் அறங்காவலர் சொன்னால் அது மனத்தில் நிற்கும். பேசியது வெளியே போகாது என்ற உறுதியோடு சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு சிக்கலைக் கொண்டுவந்தாலே போதும். விதிமுறை வரைவுகளை மாற்றிக்கொள்ளலாம், ஒருவர் குழுக்கூட்டத்தில் மற்றவர் பார்வையாளராக உட்காரலாம்.

இதற்கு ஆங்கிலத்திலிருந்து ‘பகிரப்பட்ட கற்றல்’ என்று ஒரு பெயர்ப்பு வந்திருக்கிறது. கரடுமுரடாக இருக்கிறது. கூடிக் கற்றல் என்றால் என்ன குறை? நன்னூலில் ‘அவ்வினையாளர்’ என்று ஓர் அருமையான சொல் உண்டு, அதே வினையில் ஈடுபட்டிருப்பவர் என்ற பொருளில். ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால்பங்குதான். அவ்வினையாளரோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது என்று கணக்குப் போட்டே சொல்கிறது அந்த இலக்கண நூல்.

அந்த அரைப்பங்கைத்தான் பல அமைப்புகள் கோட்டைவிடுகின்றன. பதவிக்காலம் முடிந்து போகும் அறங்காவலர் கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். எந்தத் தீர்மானத்தில் ஏன் தயங்கினோம் என்பதைப் புதிதாக வந்தவரிடம் யாரும் சொல்வதில்லை.