அடைப்பு எங்கே? நியூரோஃபைப்ரோமாடோசிஸ் நோயாளிகளின் மூளையில் தேங்கும் நீர்

நியூரோஃபைப்ரோமாடோசிஸ் என்ற மரபணு நோயின் முதல் வகையுடன் பிறந்த குழந்தையின் தலையை நாடாவால் அளக்கும் மருத்துவருக்கு ஒரு சங்கடம் உண்டு. இந்நோய் உள்ள குழந்தைகளில் பலருக்கு, மூளையில் நீர் தேங்காமலேயே தலை இயல்பைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆகவே ஒரு நாள் எடுத்த அளவைவிட, மாதந்தோறும் குறித்துவந்த அளவுகள் எப்படி ஏறுகின்றன என்பதே முக்கியம். கோடு சட்டென மேலேறினாலோ, சற்று வளர்ந்த குழந்தை காலையில் தலைவலியுடன் எழுந்து வாந்தி எடுத்தாலோ, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோயை, 1882-இல் ஜெர்மன் நோயியல் அறிஞர் ஃபிரெட்ரிக் ஃபோன் ரெக்லிங்ஹௌசன் விரிவாக விவரித்தார். 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபடுவதால், செல் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம் குறைந்துபோகிறது. தோலில் காப்பி நிறத் திட்டுகளும், நரம்புகளின் மேல் கட்டிகளும் தோன்றுகின்றன. நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் இந்நோய் இருப்பதில்லை. பழுது அவர்களிடமே புதிதாகத் தோன்றியிருக்கும். மூளையில் நீர் தேங்குவது இவர்களில் சிறு பகுதியினருக்கே நேர்கிறது.

மூளையின் உள்ளறைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் மூளைத் தண்டுவட நீர் ஊறுகிறது. ஆனால் வளர்ந்தவர் ஒருவரிடம் எந்த நேரத்திலும் இருப்பது சுமார் 150 மில்லி லிட்டர்தான். ஊறுவது முழுவதும் வழிந்து வெளியேறி, இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. இரு பக்கவாட்டு அறைகளிலிருந்து சிறு துளைகள் வழியாக மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து ஓரிரு மில்லி மீட்டர் அகலமே உள்ள குறுகிய கால்வாய் வழியாக நான்காம் அறைக்கும், பிறகு மூளையின் வெளிப்பரப்புக்கும் நீர் செல்கிறது. ஏரி நிரம்பியபின் மதகு அடைபட்டால் கரைக்கு என்ன ஆகுமோ, அதுவே இங்கே மூளைக்கு ஆகிறது. எந்த மதகு அடைபட்டது என்பதை அறியாமல், தேங்கிய நீரை வடிக்கக் குழாய் வைப்பதா, வேறு வழி திறக்கத் துளையிடுவதா என்று விவாதிப்பதில் பொருளில்லை.

முதல் வகை நோயில் அடிக்கடி அடைபடுவது அந்தக் குறுகிய கால்வாய். அதனைச் சூழ்ந்த திசு மெல்லத் தடித்து வழியை நெருக்கலாம், அல்லது அருகே ஒரு கட்டி வளர்ந்து அழுத்தலாம். வெளிப்பரப்பில் நீரை உறிஞ்சும் அமைப்பு பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், இங்கே எண்டோஸ்கோப் எனும் மெல்லிய உள்நோக்குக் கருவியால் செய்யும் அறுவை சிகிச்சை பொருத்தமானது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, எண்டோஸ்கோப்பைப் பக்கவாட்டு அறை வழியாக மூன்றாம் அறைக்குள் செலுத்தி, அதன் மெல்லிய தரையில் துளையிட்டுச் சிறு பலூனால் அகலப்படுத்துகிறார்கள். நீர் கால்வாயைத் தவிர்த்து நேராக வெளியேறுகிறது. பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர் 1923-இல் இதை முதன்முதலாகச் செய்தபோது, சிறுநீர்ப்பாதையை ஆராயும் கருவியையே பயன்படுத்தினார். தரைக்கு நேர் கீழே மூளைத்தண்டுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி ஓடுகிறது. தரை தடித்துப்போயிருந்தால் அத்தமனி கண்ணுக்குத் தெரியாது. கைதேர்ந்தவர்களும் அங்கே தயங்கி நிற்பார்கள்.

பார்வை நரம்பில் வளரும் கட்டி வேறு கதை. அது மூளையின் அடிப்பகுதி வரை பரவி, இரு பக்கவாட்டு அறைகளும் மூன்றாம் அறையுடன் சேரும் துளைகளை அடைத்துவிட்டால், மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டுப் பயனில்லை. இரு அறைகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வைத் திறந்து ஒன்றாக்கிவிட்டு, அங்கிருந்து வால்வுள்ள ஷண்ட் குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் வயிற்றுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். அரிதாக, இக்கட்டியினால் நீரில் புரதம் மிகுந்து, வயிற்றுச் சவ்வு அதை உறிஞ்சமுடியாமல் வயிறு உப்பிவிடும். அப்போது குழாயின் முனையை இதயத்தின் வலது மேலறைக்கு மாற்றவேண்டிவரும். கட்டியைச் சுருக்கக் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் மருந்துகள் தரப்படுகின்றன. கதிர்வீச்சு பின்னாளில் மூளை இரத்தக்குழாய்களைச் சுருக்கி, புதிய புற்றுக்கட்டிகளுக்கும் வழிவகுக்கக்கூடும் என்பதால், இக்குழந்தைகளுக்கு அதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள்.

இரண்டாம் வகை நோய், 22-ஆம் குரோமோசோமின் பழுதால் வருவது. காது நரம்புகள் இரண்டிலும் வளரும் கட்டிகள் நான்காம் அறையை நெருக்கும். அங்கே கட்டியை அகற்றினாலே நீரின் வழி பலருக்குத் திறந்துகொள்கிறது.

இட்ட துளை ஆண்டுகள் கழித்தும் மூடிக்கொள்ளலாம். குழாய் அடைபடலாம், அதில் தொற்றும் ஏற்படலாம். போதாக்குறைக்கு, கட்டிகளைக் கண்காணிக்க இந்த நோயாளிகளுக்கு அடிக்கடி எம்ஆர்ஐ தேவைப்படுகிறது. வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றக்கூடிய வால்வுகளில் சில, அந்த இயந்திரத்தின் காந்தப்புலத்தால் தாமாகவே அளவு மாறிவிடும். அவ்வகை வால்வு பொருத்தப்பட்டவர் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் புடைத்திருக்கும் அந்தச் சிறு வால்வின் மேல் அளவுகருவியை வைத்து, முன்பிருந்த எண்ணிலேயே அது நிற்கிறதா என்று பார்த்த பிறகே அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.