விமானம் திரும்பும், காற்று திரும்பாது

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விமானப் பயிற்சியில் இருக்கும் காரைக்குடிப் பையன் ஒருவன் தீபாவளி லீவுக்கு வந்த கையோடு என் வீட்டுக்கு ஒரு தாளைக் கொண்டுவந்தான். கூடவே அவனுடைய ஆயாவும், அதாவது பாட்டியும், வந்திருந்தார். நான் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அவர்களுடைய ஃப்ளைட் பிளானைத் திருத்திக் கொடுப்பது வழக்கம்.

தாளில் இருந்தது புதுச்சேரி – மதுரை, ஐ.எஃப்.ஆர். பறப்பு, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பிப் பறப்பது. விமானம் செஸ்னா 172 என்ற சிறிய ரகம். நேர்கோட்டில் சுமார் 163 கடல் மைல். திருச்சி வி.ஓ.ஆர். (வழிகாட்டும் ரேடியோ நிலையம்) மேலாகப் போனாலும் ஒரு மைல்தான் கூடும். அதன்பிறகு பொன்னமராவதி பக்கமாக, நம் ஊர் வானத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மதுரை. கண்ணால் பார்த்துப் பறக்கிறவனுக்கு இது சுகமான பாதை. கீழே கண்மாயும் ஊருணியும் சதுரம் சதுரமாகத் தெரியும், வழி தப்பினாலும் கண்டுபிடித்துவிடலாம். மேகத்துக்குள் போனால் அது எதுவும் கிடையாது. கிளம்புமுன் தாளில் போட்ட கணக்குதான் துணை.

பையனின் கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. விமானத்தின் வேகம் 105 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), வடகிழக்குக் காற்று 20 நாட். தென்மேற்கே போவதால் பின்காற்று, ஆக தரைவேகம் 125. 78 நிமிடத்தில் மதுரை. எல்லாம் சரி.

அடுத்த வரி ஆல்டர்னேட், அதாவது மதுரையில் இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று நிலையம். திருச்சி என்று போட்டிருந்தான். மதுரையிலிருந்து 67 மைல், 32 நிமிடம்.

"இந்த 32 எப்படிப்பா வந்தது?" என்று கேட்டேன்.

"67-ஐ 125-ஆல் வகுத்தேன் சார்."

"மதுரையிலிருந்து திருச்சி எந்தத் திசை?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் "ஐயையோ" என்றான்.

மதுரைக்குத் தள்ளிக்கொண்டு வந்த அதே காற்று, திருச்சிக்குத் திரும்பும்போது மூக்கில் அடிக்கும். தரைவேகம் 125 அல்ல, 85. 32 நிமிடம் 47 ஆகிவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு எட்டு ஒன்பது லிட்டர் எரிபொருள் தாளில் இல்லை. உயரத்திலும் அதே தப்பு. காந்தத் திசை 180 முதல் 359 பாகை வரை இருந்தால் இரட்டைப்படை ஆயிரம் அடி மட்டம், 000 முதல் 179 வரை ஒற்றைப்படை. போகும்போது ஃப்ளைட் லெவல் 80, அதாவது சுமார் 8,000 அடி, சரி; திரும்பும்போது 70 அல்லது 90. இவன் இரண்டுக்கும் 80 போட்டிருந்தான். மனதுக்குள் அவன் திரும்பவே இல்லை. மதுரையில் இறங்கிவிட்டான்.

நான் பார்த்த தாள்களில் முக்கால்வாசி இப்படித்தான். போகிற வழியை வரிவரியாகப் போடுவார்கள். ஆல்டர்னேட் மட்டும் படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று எழுதியதுபோல இருக்கும். ஐ.எஃப்.ஆர். திட்டத்தின் உயிரே அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எரிபொருளை ஐந்து வரியாகப் பிரித்துப் போடச் சொன்னேன். தரையில் ஓடுவதற்கு 5 லிட்டர். மணிக்கு 34 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பயணத்துக்கு 44. எதிர்பாராததற்கு அதில் நூற்றுக்கு ஐந்து, மேல்நோக்கி முழுசாக்கினால் 3. ஆல்டர்னேட்டுக்கு 27. கடைசி இருப்பு 45 நிமிடத்துக்கு 26. பிஸ்டன் எஞ்சினுக்கு 45, ஜெட்டுக்கு 30 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. இந்தக் கடைசி இருப்பு தொடுவதற்கு அல்ல, தரையிறங்கிய பிறகும் டேங்கில் மிஞ்சியிருக்க வேண்டியது.

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ஆயா, "அஞ்சு தொகையா? அப்ப ஐந்தொகைன்னு சொல்லுங்க தம்பி" என்றார். வட்டிக்கடைக் கணக்கு முடித்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்த வீட்டு மனுஷி. "கடைசி இருப்பில கை வச்சா கடை மூடுறதுக்குச் சமம்னு எங்க ஐயா சொல்லுவாக."

"நீங்க கிளாஸ் எடுக்கலாம் ஆச்சி" என்றேன்.

கூட்டினால் 105 லிட்டர். பையன் போட்டு வந்தது 96. செஸ்னா டேங்கில் 200 லிட்டர் போல பிடிக்குமே, நிறைய ஊற்றினால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். தனியாகப் போனால் ஊற்றலாம். நாலு பேரும் பெட்டியும் ஏறினால் எடை இடம் தராது. அன்றைக்கு அந்த ஒன்பது லிட்டர் கேள்வி கேட்கும்.

இன்னொன்று வானிலை. மதுரை டாஃப் அறிக்கையில் (விமான நிலையத்துக்கான வானிலை முன்கணிப்பு) மாலையில் இடிமழை 'டெம்போ' என்று இருந்தது. "டெம்போதானே சார், போயிடும்" என்றான். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். நீ போய்ச் சேரும் நேரம் அதற்குள் விழுந்தால்? கருவி இருந்தால் மேகத்துக்குள் போகலாம், இடிமேகத்துக்குள் போக எந்தக் கருவியும் அனுமதி தராது. தவிர, வடகிழக்குப் பருவமழை மதுரையை மட்டும் நனைத்துவிட்டுத் திருச்சியை விட்டுவைக்கும் என்று நம்புவதும் தப்பு. இரண்டு ஊர் டாஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டுமே மோசமென்றால் கோயம்புத்தூர் வரை யோசி, இல்லையா, காலையில் போ.

கூட வந்திருந்த இன்னொரு பெண் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். செட்டிநாட்டுப் பக்கம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அதை ஆல்டர்னேட்டாகப் போடலாமா? போட முடியாது. எஞ்சின் நின்றால், தரையும் கண்ணுக்குத் தெரிந்தால், கீழே கிடக்கும் எந்த ஓடுதளமும் சாமி மாதிரிதான். ஆனால் மேகத்துக்குள்ளிருந்து கருவி பார்த்து இறங்க அங்கே வகுத்த வழி இல்லை, வானிலை சொல்ல ஆள் இல்லை, விளக்கு இல்லை. அவசரத்துக்கு இறங்குகிற இடம் வேறு, ஆல்டர்னேட் வேறு.

விளக்கு என்றதும் என் பழைய கதை ஞாபகம் வருகிறது. நான் மாணவனாக இருந்தபோது ராத்திரிப் பறப்புக்கு ஒரு நிலையத்தை ஆல்டர்னேட்டாகப் போட்டேன். காற்று, எரிபொருள் எல்லாம் கச்சிதம். என் பயிற்றுநர் பார்த்துவிட்டு, "அங்கே விளக்கு யார் போடுவா?" என்றார். அந்த நிலையம் சாயங்காலமே மூடிவிடும். வேலை நேரமும் நோட்டாமும் (விமானிகளுக்கான அறிவிப்பு) பார்க்காமல் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து நோட்டாம் படிக்காத தாளை நான் கையில் வாங்குவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கருவி பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குப் பொறுப்பு விமானியாக 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி (ஊர்விட்டு ஊர் பறப்பது), 40 மணி நேரம் கருவிவழிப் பயிற்சி வேண்டும், அந்த நாற்பதில் 20 வரை சிமுலேட்டரில் இருக்கலாம். லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் ஆதலால் "எத்தனை மணி ஆச்சு?" என்றே கேட்கிறீர்கள். பிள்ளையிடம் எரிபொருள் தாளை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். ஆப் போட்டுக் கொடுத்த எண்ணா, தானே போட்டதா என்று கேளுங்கள். ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். அது தரும் எண் தப்பாக இருந்தால் கண்ணில் உறுத்த வேண்டும், அதற்குக் கை ஒருதடவையாவது போட்டிருக்க வேண்டும்.

பையனுக்கு அடுத்த வாரத்துக்கு மதுரை – கொச்சி கொடுத்தேன். சுமார் 100 மைல்தான். ஆனால் நேர்கோட்டிலிருந்து பத்து மைலுக்குள் ஆனைமுடி நிற்கிறது, 8,842 அடி. மலைப்பகுதியில் 2,000 அடி இடைவெளி விட்டால், மேற்கே போக ஃப்ளைட் லெவல் 120 வேண்டும். அந்தச் செஸ்னா அவ்வளவு உயரம் ஏற அரை மணிக்கு மேல் எடுக்கும், பறப்பே ஒரு மணி நேரம். 10,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் கணக்கு வேறு. "இது போக முடியாத பாதை மாதிரி இருக்கே சார்" என்று தொலைபேசியில் சொன்னான். வேறு வழியைப் போட்டுக் கொண்டுவா என்றேன். இன்னும் வரவில்லை.