லோனில் போகும் வீரர்: கடனா, இரவலா?

கால்பந்துச் செய்திகளில் ஒரு வீரர் இன்னொரு கழகத்துக்குக் ‘கடனாகச் சென்றார்’, ‘கடன் அடிப்படையில் இணைந்தார்’ என்று படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. லோன் என்ற சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பாளருக்கு வங்கிதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது. வங்கியில் லோன் என்றால் கடன், ஆகவே மைதானத்திலும் கடன். இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. தமிழில் இதற்கென்றே இரவல் என்ற சொல் இருக்கிறது. அதுவும் அகராதியைத் தோண்டி எடுக்க வேண்டிய சொல் இல்லை. எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொல்.

லோன் என்பது என்ன ஏற்பாடு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கழகத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர், அந்த ஒப்பந்தம் அப்படியே இருக்க, குறிப்பிட்ட காலத்துக்கு வேறொரு கழகத்துக்காக ஆடுகிறார். காலம் முடிந்ததும் திரும்பி வருகிறார். ஆங்கிலத்தில் லோன், போர்ச்சுகீசியத்தில் எம்ப்ரெஸ்திமோ.

சொற்களின் வேர் நீண்ட கதை இல்லை. கடன் என்பதும் கடமை, கடப்பாடு என்பவையும் ஒரே குடும்பம். பழைய பொருள் செய்தே தீரவேண்டியது என்பதுதான். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றுத் தாய் சொல்வது அந்தப் பொருளில். திருப்பித் தர வேண்டிய பணம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இரவல் ‘இர’ என்ற வினையிலிருந்து வந்தது: கேட்டுப் பெறுதல். கேட்டு வாங்கிப் பயன்படுத்திவிட்டு அதையே திருப்பித் தருவது இரவல்.

‘அதையே’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஓர் ஆழாக்குச் சர்க்கரை வாங்கினால் அந்தச் சர்க்கரை அன்றைக்கே காப்பியில் கரைந்துவிடும். அப்புறம் திருப்பித் தருவது வேறு சர்க்கரை. அதே வீட்டில் ஏணி வாங்கினால் அந்த ஏணிதான் திரும்பிப் போக வேண்டும், கால் உடையாமல். சர்க்கரையைக் கைமாற்றாக வாங்கினோம் என்போம், ஏணியை இரவல் வாங்கினோம் என்போம். ஏணியைக் கடன் வாங்கினேன் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பதற்குக் குறள் ‘குறியெதிர்ப்பை’ என்றே தனிச்சொல் வைத்திருக்கிறது. வறியார்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்கிறது 221ஆம் குறள். இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்த மொழியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கடன் என்ற ஒரே பானையில் போட்டுக் கலக்குவது என்ன நியாயம்?

சட்டமும் இந்தப் பிரிவை அறிந்தே வைத்திருக்கிறது. பிரேசிலின் 2002ஆம் ஆண்டுச் சிவில் சட்டத் தொகுப்பில் எம்ப்ரெஸ்திமோ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வகை உண்டு. வாங்கிய பொருளையே திருப்பித் தரவேண்டியது கொமொதாத்தோ. அதே வகைப் பொருளை அதே அளவில் திருப்பித் தரவேண்டியது மூத்துவோ. முன்னது நம் இரவல், பின்னது நம் கடன். சட்ட நூலில் இருக்கும் அந்த நுட்பம் நம்மிடம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

ஒரு வீரரின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கடன் என்ற சொல் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது விளங்கும். பிரேசிலின் வாக்னர் லவ் நாடு நாடாக ஆடிய முன்கள வீரர். அந்நாட்டுக் கழகமான பால்மெய்ராஸில் தொடங்கி 2004-ல் மாஸ்கோவின் சிஎஸ்கேஏவுக்குப் போனார். 2005 மே 18 அன்று லிஸ்பனில், ஸ்போர்ட்டிங் கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3-1 என்று வென்று சிஎஸ்கேஏ ஐரோப்பியக் கழகங்களுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையைத் தூக்கியபோது மூன்றாவது கோல் இவருடையது. அதற்குப் பின் சீனா, மொனாக்கோ, துருக்கி, கஜகஸ்தான், டென்மார்க் என்று பயணம் நீண்டது. துருக்கியில் அலன்யாஸ்போருக்காக 2016-17 பருவத்தில் 23 கோல் அடித்து அந்த லீகிலேயே முதலிடம் பிடித்தார்.

நமக்கு இங்கே வேண்டியது நடுவிலுள்ள நான்கைந்து ஆண்டுகள். 2009-ல் சிஎஸ்கேஏ அவரைப் பழைய பால்மெய்ராஸுக்கு அனுப்பியது. 2010 தொடக்கத்தில் இன்னொரு பிரேசில் கழகமான ஃபிளமெங்கோவுக்கு அனுப்பியது. அங்கே இன்னொரு பிரேசில் முன்கள வீரரான அட்ரியானோவோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடினார். ஆண்டின் பாதியில் மாஸ்கோவுக்குத் திரும்பினார். இந்த இரண்டும் இரவல். 2012-ல் அதே ஃபிளமெங்கோ அவரை விலைக்கே வாங்கியது. ஆனால் அந்த விலை முழுவதையும் கட்ட முடியாமல் சிஎஸ்கேஏவுக்குப் பாக்கி நின்றது. கடைசியில் 2013 ஜனவரியில் ஃபிளமெங்கோ அவரைக் கைவிட, மறுபடியும் மாஸ்கோவுக்கே போனார். அந்தப் பாக்கிதான் கடன், அசலான கடன்.

இப்போது இதைக் கடன் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். 2010-ல் ஃபிளமெங்கோவுக்குக் கடனில் போனார், திரும்பினார். 2013-ல் ஃபிளமெங்கோவிலிருந்து கடனால் திரும்பினார். படிக்கிறவருக்கு என்ன புரியும்? இரண்டு முறையும் ஒன்றே நடந்தது என்றுதான் தோன்றும். உண்மையில் முதல் முறை அவர் திரும்பியது காலம் முடிந்ததால்; இரண்டாம் முறை திரும்பியது பணம் வராததால். இரவலாக வந்தார், விலைக்கு வந்தார், கடனுக்காகத் திரும்பினார் என்று மூன்று சொல்லில் எழுதினால் முழுக் கதையும் வந்துவிடுகிறது.

கழகங்கள் கடனில் தத்தளிக்கும் காலம் இது. ஆகவே இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பிரேசில் வீரர் பிலிப்பே கூட்டினியோவை 2019-ல் பார்சிலோனா பயர்ன் மியூனிக்குக்கு இரவல் கொடுத்தது. 2020 ஆகஸ்ட் 14 அன்று சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அந்த இரண்டு கழகங்களுமே மோதின. கடைசிக் கால்மணி நேரத்தில் மாற்று வீரராக இறங்கிய கூட்டினியோ, தன்னை இரவல் கொடுத்த கழகத்துக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டார்; ஆட்டம் 8-2 என்று முடிந்தது. பார்சிலோனாவின் நிதிக் கடனும் அந்த நாட்களில் பெரிய செய்தி. ‘பார்சிலோனாவின் கடன்’ என்று தலைப்புப் போட்டால் அது வீரரா, வங்கிப் பாக்கியா? (இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இப்படி நடக்காது. அங்கே இரவல் வீரர் தன் சொந்தக் கழகத்துக்கு எதிராக இறங்கக் கூடாது. மான்செஸ்டர் சிட்டியிலிருந்து எவர்ட்டனுக்கு வந்த இன்னொரு பிரேசில் முன்கள வீரர் ஜோ, சிட்டியோடு ஆடும் நாளில் வெளியேதான் இருக்க வேண்டியிருந்தது.)

வினைச்சொற்களைப் பார்த்தாலும் கடன் ஒட்டாது என்று தெரியும். கடன் படுவோம், கடன் அடைப்போம், கடன் தீரும், கடன் தள்ளுபடியாகும், கடனுக்கு வட்டி ஏறும். இவற்றில் ஒன்றையாவது வாக்னர் லவ்வுக்குச் சொல்ல முடியுமா? ஃபிளமெங்கோ வாக்னர் லவ்வை அடைத்தது என்று எழுதுவோமா? மாறாக, இரவல் கேட்டது, இரவல் கொடுத்தது, இரவலைத் திருப்பியது, இரவலைத் திரும்பக் கேட்டது என்று எல்லா வினையும் அப்படியே பொருந்துகிறது. ‘கடன் வீரர்’ என்ற தொடரோ இன்னும் மோசம். ஊரெல்லாம் கடன் வைத்திருக்கிற வீரர் என்றல்லவா அது காதில் விழுகிறது!

இரவலுக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், அதில் பிச்சை வாசம் அடிக்கிறது என்பது. இரத்தல் என்பதற்கு யாசித்தல் என்ற பொருளும் உண்டு, வள்ளுவர் இரவச்சம் என்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் வீரரை இரவல் என்பது அவருக்கு இழிவு என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வேர்ச்சொல்லில் இருந்த தாழ்வு கிளைச்சொல்லில் தொடர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குகிறோம். அதில் என்ன இழிவு? இலங்கை நூலகங்களில் ‘இரவல் வழங்கும் பகுதி’ என்றே பலகை இருக்கும். சரி, இழிவு என்றே வைத்துக்கொண்டாலும் கடன் மட்டும் என்ன கௌரவமான சொல்லா? கடன்காரன் என்பது தமிழில் வசவு. கடன்பட்டார் நெஞ்சம் கலங்குவதைப் பற்றித்தான் நம்மிடம் உவமை இருக்கிறது. இரவல் வாங்கியவர் நெஞ்சம் கலங்கியதாக இல்லை.

பழமொழிகளைக் கேட்டால் கால்பந்துக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்கிறது ஒன்று. இரவல் முன்கள வீரர் கோல் அடிக்கிறார் என்று சொந்த வீரரை விற்றுவிட்டு, பருவம் முடிந்ததும் இரண்டு பேரும் இல்லாமல் நிற்கும் கழகங்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இந்தப் பழமொழியில் கடனை வைத்துப் பாருங்கள், பொருளே போய்விடும்.

அடுத்த போட்டியாளர் குத்தகை. இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார்கள். இரவல் இலவசம், லோனுக்கோ கட்டணம் உண்டு, ஆகவே குத்தகைதான் சரி என்பது அவர்கள் வாதம். பாதி உண்மைதான், கட்டணம் வாங்கும் இரவல்கள் நிறைய உண்டு. ஆனால் கட்டணமே இல்லாதவையும் ஏராளம். அதைவிட, வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பிய கழகமே தொடர்ந்து கட்டும் ஏற்பாடும் சாதாரணம். நிலத்துக்காரரே குத்தகைக்காரருக்குப் பணம் கொடுத்து உழச் சொல்லும் குத்தகை எங்காவது உண்டா? தவிர, குத்தகை, வாடகை, ஒத்தி எல்லாம் நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியவை. கட்டணம் உள்ள இடத்தில் ‘இரவல் கட்டணம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

‘ஒப்பந்த அடிப்படையில்’ என்பது எதையுமே சொல்லாத தொடர். எல்லா வீரரும் ஒப்பந்தத்தில்தான் ஆடுகிறார்கள். ‘தற்காலிக இடமாற்றம்’ தவறில்லை, ஆவணத்தில் எழுதலாம். செய்தியில் அது அரசு ஊழியர் மாறுதல் போல ஒலிக்கிறது.

துணைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. அனுப்பும் கழகம் தாய்க்கழகம். இடையில் திரும்ப அழைக்கலாம் என்ற விதி இருந்தால் அது திரும்ப அழைக்கும் உரிமை. இரவல் வாங்கியவர் இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது மறு இரவல். 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஃபிஃபா விதிகள் அதைத் தடை செய்கின்றன. ஓர் இரவல் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. 2024 ஜூலையிலிருந்து ஒரு கழகம் ஒரே நேரத்தில் ஆறு பேரைத்தான் வெளிநாட்டுக் கழகங்களுக்கு இரவல் கொடுக்கலாம், ஆறு பேரைத்தான் அங்கிருந்து இரவல் வாங்கலாம். 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கழகமே வளர்த்தவர்களுக்கும் விலக்கு. இந்த விதிகளில் இரவல் என்றிருக்கும் இடங்களில் எல்லாம் கடன் என்று போட்டுப் படித்தால் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவும் எழுதக் காரணம் ஒரு சொல் மட்டும் இல்லை. கால்பந்துத் தமிழ் மொத்தமும் இப்படித்தான் இருக்கிறது. லோன் ஸ்பெல் என்பதைக் ‘கடன் மந்திரம்’ என்று போட்டிருந்ததை நானே கைப்பேசியில் படித்தேன். ஸ்பெல் என்றால் அங்கே காலம் என்று பொருள், மந்திரம் இல்லை. கிளீன் ஷீட் ‘சுத்தமான தாள்’ ஆகிறது. கோலே விடவில்லை என்று சொல்ல நமக்குத் தெரியாதா? இயந்திரம் போட்டதை ஒரு மனிதர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இவற்றில் பாதி அச்சுக்கு வந்திருக்காது. தூய தமிழ் வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. கோல், பெனால்டி, ஆஃப்சைடு எல்லாம் அப்படியே இருக்கட்டும், லோன் என்று எழுதினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். லோன் பொருளைக் கெடுப்பதில்லை, கடன் கெடுக்கிறது.

வாங்கும் உரிமையோடு வரும் இரவல், வாங்கியே தீரவேண்டிய இரவல் என்ற இரண்டையும் பிரித்து எழுதுவதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். முன்னதில் வாங்குவதும் விடுவதும் கழகத்தின் விருப்பம். பின்னது பெயருக்குத்தான் இரவல். உண்மையில் தவணைமுறை விற்பனை. அதை ‘வாங்கும் கட்டாயத்துடன் இரவல்’ என்று விரித்தே எழுதிவிடலாம். எந்தக் கட்டாயமும் இல்லாமலே இரவல் விலையாக மாறுவதும் உண்டு. பிரேசில் முன்கள வீரர் கேப்ரியல் பார்போசாவை இத்தாலியின் இன்டர் மிலான் 2019-ல் ஃபிளமெங்கோவுக்கு இரவல் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று லிமாவில் தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்ட்டடோரஸ் கோப்பை இறுதியாட்டம். அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 89ஆம் நிமிடத்தில் ஒன்று, 92ஆம் நிமிடத்தில் ஒன்று என்று இரண்டு கோல் அடித்து பார்போசா கோப்பையை ஃபிளமெங்கோவிடம் கொடுத்தார். 2020 ஜனவரியில் ஃபிளமெங்கோ அவரை விலைக்கே வாங்கிக்கொண்டது.