பக்கவாதத்துக்குப் பின் வரும் அழுகை எல்லாம் சோகம் அல்ல

பெரம்பூரில் ஒரு வீடு. பக்கவாதம் வந்து ஆறு வாரம் ஆன பெரியவரைப் பார்க்கச் சொந்தக்காரர் வருகிறார். "எப்படி இருக்கீங்க மாமா?" என்றதும் அவர் முகம் கோணி, உடம்பு குலுங்க அழுகிறார். அரை நிமிடத்தில் அழுகை நின்றுவிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கேட்கிறார். வீட்டார்தான் அன்று முழுக்க மனம் உடைந்து கிடக்கிறார்கள்.

அழும்போது முகத்தசை, மூச்சு, குரல் மூன்றும் சேர்ந்து இயங்குகின்றன. அவற்றை இயக்குவது மூளைத்தண்டு. எப்போது, எவ்வளவு என்று அதை அடக்கி வைப்பது மூளையின் மேற்பகுதி. இரண்டுக்கும் இடையிலான நரம்புப் பாதையைப் பக்கவாதம் கெடுத்துவிட்டால், லேசான நெகிழ்ச்சிக்கே அழுகை பொங்கிவிடும். சிலருக்குச் சிரிப்பு வரும், அதுவும் துக்க வீட்டில். அவர்கள் படும் கூச்சம் கொடுமையானது. பலர் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் "அழாதீங்க" என்று கெஞ்சினால் அழுகை கூடத்தான் செய்யும். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். அவர் உட்காரும் நிலையை மாற்றி, மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். வருகிறவர்களிடம் முன்கூட்டியே, "அழுதா பதறாதீங்க, தானா நின்னுடும்" என்று சொல்லிவையுங்கள். அடிக்கடி வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இதையும் குறைக்கும்.

மனச்சோர்வு வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. அழுகையே இல்லாமலும் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்; இட்லியைத் தொடமாட்டார்; விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கிடப்பார். இது இரண்டு வாரம் நீடித்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வராதவரிடம் கேட்டு அறிய முடியாது என்பதால் தூக்கம், சாப்பாடு, பயிற்சி மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் குறித்துக் காட்டுங்கள்.

மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். ஃப்ளூயாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பம் உண்டாக்கலாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். கை கால் சீக்கிரம் வரும் என்று ஃப்ளூயாக்ஸெடினைக் கேட்பவர்களும் உண்டு. பிரிட்டனில் 3,127 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது.

"நான் எதுக்கு இருக்கணும்" என்று ஒருமுறை சொன்னாலும் அவரைத் தனியே விடாதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இரவு பகலாக உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் அந்த எண் உண்டு.