உங்கள் கொழுந்து எங்கே போகிறது?

கேரளத்தில் பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். கிராஜுவிட்டி, பி.எஃப். பாக்கி, ஒழுகும் லயம் (தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு), இவைதான் பெரும்பாலும் என்னிடம் வரும். வருகிறவர்களிடம் தவறாமல் கேட்பேன்: "நீங்க எடுக்கிற கொழுந்து தூளாகி எங்கே போகுது?" கொச்சி ஏலம் வரைக்கும் சொல்வார்கள். அதற்கு அப்பால் சங்கத் தலைவர்கள்கூட விசாரித்ததில்லை.

விசாரித்தே ஆக வேண்டும். சோவியத் யூனியன் உடைந்ததும் தென்னிந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. அப்புறம் விலையும் சரிந்து, 2000-ஐ ஒட்டி பீருமேடு தாலுகாவில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. அந்த வருடங்களின் சம்பளப் பாக்கிக்கு இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு, நிர்வாகத்தையும் சங்கத் தலைவர்களையும் ஒருசேர எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். பத்து சதவீதமாகக் குறைத்த போனஸ், எக்ஸ்கிரேஷியா என்ற கருணைத் தொகையும் சேர்ந்து இருபதுக்குத் திரும்பியது. ஆனால் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 500 கேட்டதற்கு 301-தான் கிடைத்தது. தேயிலைக்கு விலை இல்லை என்பார்கள் முதலாளிகள். கடை விலையில் பெரும் பங்கை வைத்துக்கொள்ளும், தூளைத் தங்கள் பெயரில் விற்கும் பிராண்ட் கம்பெனிகள் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதே இல்லை.

அவர்களை வரவழைக்க முடியும். குமுளியில் இறங்கினால் சில மணி நேரத்தில் திண்டுக்கல். அங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் ஆலையின் சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் நடக்கும் டி.டி.சி.யூ. என்ற உள்ளூர்ச் சங்கம், 'ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ்' என்ற ஆசிய ஆடைத் தொழிலாளர் கூட்டணி, அமெரிக்காவின் 'குளோபல் லேபர் ஜஸ்டிஸ்' என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு இரண்டோடும் கைகோத்தது. 2022-ல் ஆலை முதலாளியோடும் அங்கே துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் பிராண்டோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது, கேப், பி.வி.ஹெச். கம்பெனிகளும் பிறகு சேர்ந்தன. பாலியல் தொல்லையைக் கவனித்துப் புகார் சொல்ல, தொழிலாளர்களிலிருந்தே ஆட்களுக்குச் சங்கம் பயிற்சி தந்தது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால், பிராண்ட் அந்த ஆலைக்குத் தரும் வியாபாரத்தில் கைவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்பெனிகள் சுவரில் ஒட்டும் நன்னடத்தை விதிகளுக்கு இந்தப் பலம் கிடையாது.

சரி, தேயிலையில்? ஜெனீவாவில் ஐ.யூ.எஃப். என்ற உணவு, தோட்டத் தொழிலாளர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. பிரிட்டனில் நடந்த பிரசாரத்தால் 2018-ல் பல பிராண்டுகள் தாங்கள் வாங்கும் அசாம் தோட்டங்களின் பட்டியலை வெளியிட்டன. ஜெர்மனியில் 2023-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு தரும் இடத்தில் வேலை செய்பவரும் அந்தக் கம்பெனியிடம் நேரே புகார் தரலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். பேக்டரியில் வேலை செய்பவர்கள் மூட்டையில் உள்ள கார்டன் மார்க்கையும் (தோட்டத்தின் பெயர்க் குறி) இன்வாய்ஸ் எண்ணையும் குறித்து வையுங்கள். சர்வதேசச் சான்றிதழ் போர்டு தொங்கும் தோட்டமென்றால் அந்தச் சான்றிதழ் அமைப்புக்கும் புகார் போகலாம். எதையும் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதுங்கள். தனி ஆளாக எழுதியவரின் வேலைக்கு ஆபத்து வரும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. இப்போது நம் லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் குடியிருக்கின்றன. பல இடங்களில் சங்கம் அவர்களைச் சேர்ப்பதில்லை. "அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க" என்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகளை ஆள் சேர்க்கும் கங்காணி திருநெல்வேலிச் சீமையிலிருந்து கூட்டி வந்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அதே சீமையிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இலங்கை மலையகத்தில் கொழுந்தெடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அசாம்காரப் பெண்ணைச் சேர்க்காத சங்கம் கண்டியோடும் ஜெனீவாவோடும் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஜார்க்கண்ட், அசாம்காரர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள முடிகிறவரை உங்கள் கூலியும் ஏறாது.

உங்கள் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) நடக்கும் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். இந்தி தெரிந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் உண்டு. ஒருவரை மொழிபெயர்க்க உட்கார வையுங்கள். சந்தா ரசீதை அவர்கள் பெயருக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.